ஜெர்மனிக்குப் போகும் போல்ட்டும் பாரிஸ் ஒப்பந்தமும்: சேலத்திலிருந்து வந்த கேள்விக்கு ஒரு பதில்

சேலத்தில் போல்ட், நட் தயாரிக்கும் குடும்பத்தைச் சேர்ந்த ஒருவர் கேட்டிருக்கிறார்: "எங்கள் சரக்கு ஜெர்மனிக்குப் போகிறது. வாங்குபவர் இப்போது கார்பன் கணக்கு கேட்கிறார். முப்பது வருஷமாக உலக நாடுகள் கூடிக்கூடிப் பேசியும் புகை குறைந்தபாடில்லை. அமெரிக்காவே ஒப்பந்தத்தை விட்டுப் போய்விட்டது. அப்புறம் நாம் மட்டும் ஏன் குறைக்க வேண்டும்? பட்டறைக் கூரையில் சோலார் போட்டால் இந்தத் தொல்லை தீருமா?" மேலோட்டமாகப் பார்த்தால் மூன்று கேள்விகள். அடியில் இருப்பது ஒன்றுதான்: அடுத்தவன் சொன்ன சொல்லைக் காப்பாற்றாதபோது நான் காப்பாற்றினால் நான் ஏமாளியா? இதில் தப்பான கேள்வி எதுவும் இல்லை. ஒவ்வொரு மாநாட்டிலும் அமைச்சர்கள் மனதில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதும் இதே கேள்விதான்.

நான் மெக்கானிக்கல் படித்து, எனர்ஜி ஆடிட்டராகச் சேலம், நாமக்கல் பக்கத்து ஆலைகளில் பல வருடங்களாக வேலை பார்ப்பவன். உலை, பாய்லர், எரிபொருள் கணக்கு, மின் கட்டணம் இவைதான் என் தொழில். சர்வதேசச் சட்டம் என் துறை இல்லை. ஆகவே உங்கள் வாங்குபவர் கார்பன் கணக்கு கேட்பதற்குக் காரணமான ஐரோப்பிய வரியை எதிர்த்து வழக்குப் போட்டால் ஜெயிக்குமா என்பது போன்ற விஷயங்களுக்கு நான் போகவில்லை.

முதலில் உறுதியாகத் தெரிந்ததைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது. 1992இல் ரியோவில் பருவநிலை உடன்படிக்கை கையெழுத்தானது. 1990இல் உலகம் முழுக்க நிலக்கரி, எண்ணெய், எரிவாயு எரித்ததால் வந்த கரியமில வாயு சுமார் 2,300 கோடி டன். 2024இல் அது சுமார் 3,700 கோடி டன். 1997இல் வந்த கியோட்டோ ஒப்பந்தம் பணக்கார நாடுகளுக்கு மட்டும் கட்டாய இலக்கு வைத்தது. அமெரிக்கா கையெழுத்துப் போட்டது, ஆனால் அதைச் சட்டமாக்கவே இல்லை. கனடா இலக்கை எட்ட முடியாது என்று தெரிந்ததும் 2011இல் விலகுவதாக அறிவித்துவிட்டுப் போனது. அதற்காக யாரும் கனடாவை ஒன்றும் செய்யவில்லை. நம் ஊர்களில் குடிமராமத்து என்று ஒன்று இருந்தது. ஏரியைத் தூர் வார வீட்டுக்கு ஓர் ஆள் வர வேண்டும். வராத வீட்டுக்குத் தெண்டம் போட ஊர்ப் பெரியவர்கள் இருந்தார்கள், மதகைத் திறந்து மூட நீர்க்கட்டி இருந்தார். நாடுகளுக்கு மேலே அப்படி ஒரு பஞ்சாயத்து கிடையாது. எந்த நாட்டையும் வெளியிலிருந்து யாரும் அதட்டிச் செய்ய வைக்க முடியாது. இதை ஒப்புக்கொண்டுதான் மேலே பேச முடியும்.

சரி, அப்படியானால் நாடுகள் சேர்ந்து எதையுமே சாதித்ததில்லையா என்றால், சாதித்திருக்கின்றன. அந்தச் சாட்சி உங்கள் வீட்டு ஃப்ரிட்ஜின் பின்பக்கம் இருக்கிறது. அங்கே ஒட்டியிருக்கும் தகட்டில் என்ன வாயு என்று எழுதியிருப்பார்கள். தொண்ணூறுகளின் ஃப்ரிட்ஜ் என்றால் ஆர்-12. அது ஓசோன் படலத்தை அரிக்கும் வாயு. அதன் பிறகு ஆர்-134ஏ வந்தது. ஓசோனுக்குக் கெடுதல் இல்லை, ஆனால் கரியமில வாயுவைப் போல ஆயிரம் மடங்குக்கும் மேல் வெப்பத்தைப் பிடித்துவைக்கும். இன்று கடையில் வாங்கினால் பெரும்பாலும் ஆர்-600ஏ. இரண்டு கெடுதலும் கிட்டத்தட்ட இல்லை. இந்த மாற்றம் தானாக வரவில்லை. 1987இல் மாண்ட்ரியலில் நாடுகள் செய்துகொண்ட ஒப்பந்தத்தின் பலன் அது. அந்த வகைப் பொருள்களில் 98 விழுக்காட்டுக்கு மேல் உலகத்திலிருந்து ஒழிந்துவிட்டன. இந்தியாவில் 2010க்குள் ஆர்-12 போன்றவை நிறுத்தப்பட்டன.

அது எப்படி நடந்தது என்பதில்தான் உங்கள் கேள்விக்கான பதிலில் பாதி இருக்கிறது. இந்தியாவும் சீனாவும் முதலில் சேரவில்லை. "ஓட்டை போட்டது நீங்கள், அடைக்கும் செலவு மட்டும் எங்களுக்கா?" என்பதுதான் நம் வாதம். 1990இல் லண்டனில் கூடியபோது வளரும் நாடுகளின் மாற்றுச் செலவுக்கு ஒரு பொது நிதி ஏற்பாடானது. 1992இல் இந்தியா சேர்ந்தது. நமக்குப் பத்து வருட அவகாசமும் கொடுத்தார்கள். அப்புறம் இன்னொன்று: ஒப்பந்தத்தில் சேராத நாட்டோடு இந்த வாயுக்களில் வியாபாரம் செய்யக் கூடாது என்று விதி வைத்தார்கள். பணமும் தொழில்நுட்பமும் உள்ளே இருந்தன; வெளியே நின்றால் வியாபாரம் போயிற்று. ஆக, உள்ளே வருவதுதான் லாபம் என்று ஆனது. நல்லெண்ணத்தை மட்டும் நம்பி அந்த ஒப்பந்தம் எழுதப்படவில்லை. 2016இல் கிகாலியில் அதே ஒப்பந்தத்தை நீட்டி, ஆர்-134ஏ போன்றவற்றையும் குறைக்க முடிவானது. இந்தியா 2021இல் அதை ஏற்றது. ஒழுங்காக நிறைவேற்றினால் இந்த நூற்றாண்டு முடிவுக்குள் அரை டிகிரி வரை வெப்பம் கூடாமல் தடுக்கலாம் என்பது விஞ்ஞானிகளின் கணிப்பு.

அதே வித்தையைக் கரியமில வாயுவிடம் காட்ட முடியாததற்குக் காரணமும் இருக்கிறது. ஆர்-12 தயாரித்தவை விரல்விட்டு எண்ணக்கூடிய கம்பெனிகள். கரியமில வாயு எல்லாவற்றிலும் இருக்கிறது. நம் ஊரிலேயே பாருங்கள். மேட்டூர் அனல் மின் நிலையம் 1,440 மெகாவாட், நிலக்கரி எரிகிறது. பொட்டனேரி பக்கம் இரும்புத் தாதுவை உருக்கும் பிளாஸ்ட் ஃபர்னஸ், நிலக்கரியிலிருந்து செய்த கோக் எரிகிறது. இவற்றையாவது வேறு எரிபொருளுக்கு மாற்றலாம் என்று வாதம் செய்யலாம். கருப்பூர், செங்கரடு பக்கத்து வெள்ளைக்கல்லுக்கு என்ன செய்வது? மேக்னசைட் என்பது மக்னீசியமும் கரியமில வாயுவும் சேர்ந்து கல்லானது. சூளையில் போட்டுச் சுட்டால் வாயு பிரிந்து போய், இரும்பு உலைக்குச் செங்கல் செய்ய உதவும் மக்னீசியம் ஆக்சைடு மிஞ்சும். சுத்தமான கல் ஒரு டன் சுட்டால் சுமார் 520 கிலோ கரியமில வாயு கல்லுக்குள்ளிருந்தே வெளியே போகும். சூளைக்கு என்ன எரிபொருள் போட்டீர்கள் என்பது அதற்கு மேல் தனிக் கணக்கு. சூளையைச் சூரிய மின்சாரத்தில் ஓட்டினாலும் அந்த 520 கிலோ போகத்தான் போகும். சிமென்ட்டுக்கான சுண்ணாம்புக்கல்லிலும் இதே கதைதான். இதைப் பிடித்துப் புதைக்கும் தொழில்நுட்பம் இருக்கிறது. ஆனால் விலையைக் கேட்டால் ஒரு சூளை முதலாளி தனியாகத் தாங்கக்கூடியதாக இல்லை. நாடுகள் சேர்ந்து செலவழித்து விலையைக் கீழே கொண்டுவந்தால்தான் உண்டு.

2015 டிசம்பரில் நிறைவேறிய பாரிஸ் ஒப்பந்தம் கியோட்டோவைத் தலைகீழாக்கியது. மேலிருந்து இலக்கு கொடுப்பதை விட்டுவிட்டு, ஒவ்வொரு நாடும் தன்னால் முடிந்ததைத் தானே எழுதிக் கொடுக்கட்டும், ஐந்து வருடத்துக்கு ஒருமுறை அதைக் கூட்டட்டும், இரண்டு வருடத்துக்கு ஒருமுறை கணக்குக் காட்டட்டும் என்றது. எழுதிக் கொடுத்ததைச் செய்யாவிட்டால் தண்டனை இல்லை. கணக்குக் காட்டுவது மட்டும் கடமை. இது பலவீனம்தான். ஆனால் எனக்கு இந்தக் கணக்கு முக்கியமானதாகப் படுகிறது. ஓர் ஆலைக்குள் நான் நுழைந்தால் முதலில் கேட்பது மீட்டர் எங்கே என்றுதான். அளக்காத இடத்தில் சேமிப்பும் கிடையாது, பொய்யைக் கண்டுபிடிக்கவும் வழி கிடையாது.

பலன் உண்டா? பாரிஸுக்கு முன் நூற்றாண்டு முடிவில் மூன்றரை முதல் நான்கு டிகிரி வரை வெப்பம் கூடும் என்று கணித்தார்கள். இன்றைய கொள்கைகள் அப்படியே தொடர்ந்தால் மூன்றுக்குக் கொஞ்சம் கீழே என்கிறார்கள். இது போதாது. ஆனால் ஒன்றுமில்லை என்றும் தள்ளிவிட முடியாது. இதில் எவ்வளவு பாரிஸ் ஒப்பந்தத்தால் வந்தது, எவ்வளவு அது இல்லாமலே வந்திருக்கும் என்பதில் ஆய்வாளர்களிடையே ஒத்த கருத்து இல்லை. சோலார் மின்சாரத்தின் செலவு 2010க்குப் பிறகு ஏறத்தாழ 90 விழுக்காடு குறைந்தது. அதற்கு ஜெர்மனி ஆரம்பத்தில் அதிக விலை கொடுத்து வாங்கியதும் சீனா பெரிய அளவில் தயாரித்ததும் பெரிய காரணங்கள். அந்த இரண்டு நாடுகளும் மேஜையில் உட்கார்ந்து இதைத் திட்டமிடவில்லை. ஆனாலும் ஒருவர் போட்ட பணத்தில் மற்றவர் கற்றுக்கொண்டு, கடைசியில் தாரமங்கலத்து விசைத்தறிக் கூரை வரை அந்த விலைக் குறைவு வந்து சேர்ந்திருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 1990ஐ விட மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைத்துவிட்டது. பிரிட்டன் தன் கடைசி நிலக்கரி மின் நிலையத்தை 2024 செப்டம்பரில் மூடியது. ஆகவே "யாருமே குறைக்கவில்லை" என்பது சரியில்லை. அமெரிக்காவும் 2020இல் விலகி, 2021இல் திரும்ப வந்து, 2025 ஜனவரியில் மறுபடி விலகல் அறிவித்தது. 2017இல் முதல்முறை விலகல் அறிவித்தபோது அதைப் பார்த்து வேறு எந்த நாடும் வெளியேறவில்லை என்பதையும் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

பணம் வந்த இடத்தில் என்ன நடந்தது என்பதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது நம் சேகோ (ஜவ்வரிசி) ஆலைகள் மாதிரியான இடங்களைத் தொட்ட விஷயம். மரவள்ளிக் கிழங்கைத் தோல் சீவி அரைத்து, திப்பியை வடிகட்டி, பாலைத் தொட்டியில் படியவிட்ட பிறகு வழியும் தண்ணீரில் மாவுச்சத்து நிறைய இருக்கும். அதைத் திறந்த குட்டையில் விட்டால், பிற்பகல் வெயிலில் கரையில் நின்று பார்க்கலாம்: கறுத்த தண்ணீரில் கொப்புளம் கொப்புளமாக வந்து உடையும். நாற்றம் கந்தக வாயுவால் வருவது; கொப்புளத்தில் பாதிக்கு மேல் இருப்பது வாசனையே இல்லாத மீத்தேன். நூறு வருடக் கணக்கில் பார்த்தால் ஒரு டன் மீத்தேன் சுமார் 28 டன் கரியமில வாயுவுக்குச் சமம். இருபது வருடக் கணக்கில் 80ஐ ஒட்டிப் போகும். அதே தண்ணீரை மூடிய தொட்டியில் விட்டு வாயுவைப் பிடித்தால் ஜவ்வரிசி வறுக்கும் அடுப்புக்கு விறகு மிச்சம், அல்லது ஜெனரேட்டர் ஓட்டலாம். கியோட்டோவின் கீழ் இந்த மாதிரித் திட்டங்களுக்கு இத்தனை டன் குறைத்தார்கள் என்று சான்று கொடுத்து, அந்தச் சான்றைப் பணக்கார நாடுகள் வாங்கித் தங்கள் இலக்கில் சேர்த்துக்கொள்ள வழி இருந்தது. யோசனை நல்லது. ஆனால் இரண்டு இடத்தில் அடி வாங்கியது. ஒன்று, விலை: 2008இல் டன்னுக்கு 20 யூரோவைத் தாண்டிப் போன சான்று 2012 முடிவில் ஒரு யூரோவுக்கும் கீழே விழுந்தது. அதை நம்பிக் கடன் வாங்கியவர்கள் பாடு திண்டாட்டம். இரண்டாவது, நேர்மை: சில நாடுகளில் ஒரு குளிர்பதன வாயுவைத் தயாரிக்கும்போது கழிவாக வரும் எச்எஃப்சி-23ஐ அழித்தால் சான்று கிடைக்கும் என்றதும், சான்றின் வருமானத்துக்காகவே தயாரிப்பைக் கூட்டினார்கள் என்ற சந்தேகம் எழுந்தது. 2013 முதல் ஐரோப்பா அந்தச் சான்றுகளை ஏற்கவில்லை. பாரிஸின் கீழ் புது விதிகள் எழுதியிருக்கிறார்கள். விற்ற டன்னை விற்ற நாடு தன் கணக்கில் மறுபடி காட்ட முடியாது. இது முன்னதை விட ஒழுங்காக ஓடுமா என்பதைப் பொறுத்திருந்துதான் பார்க்க வேண்டும்.

இப்போது "நாம் ஏன்" என்ற கேள்விக்கு வருகிறேன். இந்தியர் ஒருவரின் பங்கு வருடத்துக்கு சுமார் 2 டன் கரியமில வாயு. அமெரிக்கருடையது சுமார் 14 டன். தொழிற்புரட்சியிலிருந்து இதுவரை காற்றில் விட்டதைக் கூட்டினால் ஏறத்தாழ கால்பங்கு அமெரிக்காவுடையது. நம்முடையது மூன்று, நான்கு விழுக்காடு. 2009இல் கோபன்ஹேகனில், 2020க்குள் வளரும் நாடுகளுக்கு வருடம் 10,000 கோடி டாலர் தருவதாகப் பணக்கார நாடுகள் வாக்குக் கொடுத்தன. பணக்கார நாடுகளின் சொந்தக் கணக்குப்படியே அது 2022இல்தான் எட்டியது. அதில் பெரும் பகுதி கடன். 2024இல் பாகு மாநாட்டில் 2035க்குள் வருடம் 30,000 கோடி டாலர் என்று முடித்தபோது இந்தியா அந்த அரங்கிலேயே எழுந்து ஏற்க மறுத்தது. அந்த மறுப்பு நூற்றுக்கு நூறு நியாயமானது என்பதே என் கருத்து. ஆனால் கடன்பட்டவன் தராமல் இருக்கிறான் என்பதற்காக நம் வீட்டு வேலையை நிறுத்திவைக்க முடியாது. ஏற்காட்டுக் காபித் தோட்டக்காரர்களிடம் பேசிப் பாருங்கள். அரபிகா குளிர்ச்சியும் நிழலும் கேட்கும் செடி. மார்ச், ஏப்ரலில் பூப்பதற்கு ஒரு மழை வேண்டும். வெயில் கூடி நிழல் குறைந்தால் தண்டு துளைப்பான் ஏறிவிடும். ஒரு வருடம் அந்த மழை தவறியதற்குப் பருவநிலை மாற்றம்தான் காரணம் என்று என்னால் சொல்ல முடியாது, யாராவது அப்படி உறுதியாகச் சொன்னால் நம்பவும் வேண்டாம். மழை எப்போதும் முன்பின் ஆகத்தான் செய்யும். ஆனால் வெப்பம் கூடிவருவது உறுதி. மேலே ஏறிப் போக சேர்வராயன் மலையில் இன்னும் நிறைய உயரம் இல்லை என்பதும் உறுதி. குடகுக்காரர்களுக்கும் நமக்கும் இதில் கேடு ஒன்றே. புகை விட்டவன் யார் என்று அந்தச் செடி கேட்காது.

அரசு கொடுத்திருக்கும் வாக்கும் உங்கள் பட்டறையை மூடச் சொல்லவில்லை. 2005ஐ ஒப்பிட்டால் 2030க்குள் ஒவ்வொரு ரூபாய் உற்பத்திக்குமான உமிழ்வை 45 விழுக்காடு குறைப்பது, மின் நிறுவுதிறனில் (மின் நிலையங்கள் முழுத் திறனில் ஓடினால் தரக்கூடிய அளவில்) பாதியைப் புதைபடிவ எரிபொருள் அல்லாததாக்குவது, 2070க்குள் நிகர பூஜ்யம், அதாவது விடும் அளவையே திரும்ப எடுத்துவிடுவது. இதில் பாதி நிறுவுதிறன் என்பது 2025இலேயே எட்டிவிட்டது. ஆனால் நிறுவுதிறன் வேறு, ஓடும் மின்சாரம் வேறு. உண்மையில் உற்பத்தியாகும் மின்சாரத்தில் ஏறத்தாழ முக்கால்வாசி இன்னும் நிலக்கரிதான். விளம்பரம் பார்க்கும்போது இந்த வித்தியாசத்தை மறக்க வேண்டாம்.

இனி உங்கள் ஜெர்மனிக்காரர். அவர் கேட்பது ஐரோப்பிய ஒன்றியத்தின் எல்லைக் கார்பன் வரிக்காக. இறக்குமதியாகும் சரக்கைத் தயாரிக்கும்போது வெளியான கரியமில வாயுவுக்கு ஏற்பப் போடும் வரி அது. 2023 அக்டோபரிலிருந்து கணக்கு மட்டும் கேட்டார்கள். 2026 ஜனவரியிலிருந்து காசும் உண்டு. சிறிதாகத் தொடங்கி 2034இல் முழு அளவை எட்டும். இரும்பு, எஃகு, அலுமினியம், சிமென்ட், உரம், ஹைட்ரஜன், மின்சாரம் ஆகியவை பட்டியலில் உள்ளன. போல்ட், நட், ஸ்க்ரூவும் உண்டு. வருடத்துக்கு மொத்தம் 50 டன்னுக்குக் கீழே இறக்குமதி செய்பவருக்கு விலக்கு இருக்கிறது. அது அவருடைய மொத்த இறக்குமதிக்கான அளவு, உங்கள் சரக்குக்கு மட்டுமானது இல்லை. வசூலாகும் பணம் ஐரோப்பாவின் கஜானாவுக்குப் போகிறது, சூளை மாற்றத் தவிக்கும் நாடுகளுக்கு வருவதில்லை. மாண்ட்ரியல் ஒப்பந்தத்தில் வியாபாரத் தடையோடு நிதியும் இருந்தது. இங்கே தடை மட்டும் இருக்கிறது. எனக்கு இதில் மனக்குறை உண்டு. இதனால் உமிழ்வு குறையுமா என்பதும் சந்தேகம்தான். சுத்தமான எஃகை ஐரோப்பாவுக்கும் மற்றதை வேறு நாடுகளுக்கும் அனுப்பிவிட்டால் காற்றில் ஒன்றும் மாறாது. அதே சமயம், இங்கேயே கார்பனுக்கு விலை கட்டியிருந்தால் அதைக் கழித்துக்கொள்ள அவர்கள் விதியில் இடம் இருக்கிறது. இந்தியா 2022இல் சட்டம் திருத்தி, 2023இல் கார்பன் சான்று வணிகத் திட்டத்தை அறிவித்தது. அது ஒழுங்காக நடைமுறைக்கு வந்தால் அந்தக் காசு இந்த நாட்டிலேயே நிற்கும். தொழில் சங்கங்கள் வரியை எதிர்ப்பதோடு நிறுத்தாமல் இதையும் கேட்க வேண்டும் என்பது என் விருப்பம்.

சோலார் விஷயத்துக்குப் பதில்: இந்த வரியைப் பொறுத்தவரை உதவாது. இப்போதைய விதிப்படி இரும்பு, எஃகுக்கு நேரடி உமிழ்வு, அதாவது ஆலையிலேயே வெளியாகும் வாயு மட்டும்தான் வரிக்கணக்கு. வாங்கிய மின்சாரம் சேராது. நம் மின்கட்டமைப்பில் ஒரு யூனிட்டுக்கு சுமார் 0.7 கிலோ கரியமில வாயு. வருடம் ஒரு லட்சம் யூனிட் சோலாரில் எடுத்தால் 70 டன் குறையும். அது உண்மையான குறைவு, கரண்ட் பில்லும் குறையும், ஆகவே கட்டுபடியானால் தாராளமாகப் போடுங்கள். ஜெர்மனிக்காரரின் வரி குறைவது வேறு இடத்தில். நீங்கள் 100 டன் போல்ட் அனுப்புவதாக வைத்துக்கொள்வோம். ஹீட் ட்ரீட்மென்ட்டுக்கு டன்னுக்கு 50 கிலோ எல்.பி.ஜி என்றால், கிலோவுக்கு 3 கிலோ வாயு வீதம் 15 டன். ஆனால் போல்ட் செய்ய நீங்கள் வாங்கும் வயர் ராடு (எஃகுக் கம்பி) பிளாஸ்ட் ஃபர்னஸ் எஃகாக இருந்தால் டன்னுக்கு இரண்டு டன்னுக்கு மேல், அதாவது 200 டன்னைத் தாண்டும், முன்பே அதன் தலையில் ஏறி வருகிறது. அதுவும் உங்கள் போல்ட்டின் கணக்கில் சேரும். பழைய இரும்பான ஸ்கிராப்பை மின்சாரத்தால் உருக்கிய ஆர்க் ஃபர்னஸ் எஃகு என்றால் டன்னுக்கு அரை, முக்கால் டன்தான், அதிலும் பெரும் பங்கு மின்சாரத்தின் வழியே வருவது. ஆகவே மில் டெஸ்ட் சர்டிபிகேட் வாங்கும்போதே, அந்த வயர் ராடு எந்த ஆலையில், எந்த வழியில் உருக்கியது, டன்னுக்கு நேரடி உமிழ்வு எவ்வளவு என்று சப்ளையரிடம் எழுத்தில் கேளுங்கள். எல்.பி.ஜி, டீசல், ஃபர்னஸ் ஆயில் பில்களை மாதவாரியாக உற்பத்தி டன்னோடு சேர்த்து ஒரு கோப்பில் வையுங்கள். சொந்த எண்ணைக் கொடுக்க முடியாவிட்டால் ஐரோப்பா நாட்டுச் சராசரிக்கு மேல் கொஞ்சம் கூட்டி ஓர் எண்ணைப் போட்டுக்கொள்ளும். நம் நாட்டுச் சராசரி உலகச் சராசரியை விட அதிகம், அதனால் அது உங்களுக்கு நஷ்டம். சொந்த எண்ணைக் கொடுப்பதாக இருந்தால் அங்கீகாரம் பெற்ற சரிபார்ப்பாளர் ஒருவர் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். அந்தச் செலவு சிறு பட்டறைக்குத் தனியாகக் கட்டாது. நாலைந்து பட்டறைகள் சேர்ந்து ஒருவரை அமர்த்த முடியுமா என்று உங்கள் சங்கத்தில் இப்போதே பேசிப் பாருங்கள்.